அண்ணி ஆபரேஷன் முடிந்து மலைக்கு வருகிறார், நாங்கள் என்ன செய்யலாம்?

கேள்வி: கோத்தகிரிக்குப் பக்கத்தில் எஸ்டேட் லைன் வீட்டில் இருக்கிறோம். அண்ணிக்கு 44 வயது. இடது மார்பில் புற்றுநோய். கோவையில் மார்பை எடுத்துவிட்டு, அதே ஆபரேஷனில் அடிவயிற்றுச் சதையைக் கொண்டு புதிதாக மார்பு செய்திருக்கிறார்கள். அக்குளில் இருந்த நெறிக்கட்டிகளையும் எடுத்திருக்கிறார்கள். அடுத்த வாரம் வீட்டுக்கு வருகிறார். வீட்டில் நானும் அம்மாவும் இருக்கிறோம், லைனில் நாலைந்து பெண்கள் உதவத் தயார். ஆனால் என்ன செய்வது, என்ன பேசுவது என்று தெரியவில்லை. "உயிர் பிழைச்சதே போதும், இந்த வயசுல இது எதுக்கு" என்று சிலர் கேட்கிறார்கள். அதற்கும் பதில் சொல்லத் தெரியவில்லை.

பதில்:

தங்கச்சி, நான் குன்னூரில் இருக்கிறேன். கோவையில் அறுவை சிகிச்சை வார்டில் 22 வருஷம் ஸ்டாஃப் நர்ஸாக வேலை பார்த்தவள். 2013-ல் எனக்கே வலது மார்பை எடுத்துவிட்டு, முதுகுத் தசையைத் திருப்பிக் கொண்டுவந்து மார்பு செய்தார்கள். அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றும் பார்த்திருக்கிறேன், அதில் படுத்தும் பார்த்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். அண்ணியின் டாக்டர் சொல்வது நான் சொல்வதிலிருந்து எங்காவது மாறினால் அவர் சொல்வதையே கேளுங்கள். உள்ளே திறந்து பார்த்தவர் அவர்தான்.

நாலைந்து பெண்கள் தயார் என்கிறீர்கள். கேட்கவே நிறைவாக இருக்கிறது. ஆனால் அந்த நாலைந்து பேரும் முதல் வாரத்திலேயே வந்து தீர்ந்துவிடக் கூடாது. நம் ஊரில் அதுதான் நடக்கிறது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று வாசலில் செருப்பு வைக்க இடம் இருக்காது. ஆப்பிளும் ஹார்லிக்ஸும் அலமாரியில் குவியும். மூன்றாவது வாரம் இரண்டு பேர் எட்டிப் பார்ப்பார்கள். ஆறாவது வாரம் யாரும் இருக்க மாட்டார்கள். அண்ணிக்கோ ஆறு முதல் எட்டு வாரம் வரை குடம் தூக்க முடியாது, துணி துவைக்க முடியாது, குக்கரைக்கூட இறக்கக் கூடாது. மனசு ரொம்பக் கனத்துப் போவதும் முதல் வாரத்தில் இல்லை. டியூபெல்லாம் எடுத்து, எல்லோரும் "தேறிட்டே" என்று சொல்லிவிட்டுப் போன பிறகுதான். அதனால் இப்போதே உட்கார்ந்து எட்டு வாரத்துக்குக் கணக்குப் போடுங்கள். யார் எந்தக் கிழமை, என்ன வேலை என்று பெயரோடு எழுதி வையுங்கள். "ஏதாவது வேணும்னா சொல்லு" என்று சொல்கிறவர்களிடம் அண்ணி ஒருநாளும் கேட்க மாட்டார். செவ்வாய்க்கிழமை தண்ணீர் நான் பிடிக்கிறேன் என்று வருகிறவரிடம் கேட்கவே தேவையில்லை.

நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது, அண்ணிக்கு இரண்டு இடத்தில் பெரிய காயம் இருக்கிறது. மார்பை மட்டும் எடுத்தவர்களைப் பார்த்துப் பழகிய லைன் பெண்களுக்கு இது புரியாது. "அவ பத்து நாள்ல எழுந்து நடமாடினாளே" என்பார்கள். அண்ணிக்கு அடிவயிற்றில் ஒரு இடுப்பெலும்பிலிருந்து இன்னொரு இடுப்பெலும்பு வரை வெட்டி, தோலையும் கொழுப்பையும் அதன் ரத்தக் குழாயோடு எடுத்திருப்பார்கள். அந்தக் குழாயை மைக்ரோஸ்கோப் வைத்துப் பார்த்து நெஞ்சில் இருக்கும் குழாயோடு தைத்திருப்பார்கள். பல மணி நேரம் பிடிக்கிற ஆபரேஷன் அது. சிலருக்கு வயிற்றுத் தசையிலும் கொஞ்சம் எடுக்க வேண்டி வரும். அண்ணிக்கு எப்படி என்று டிஸ்சார்ஜ் ஆகும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். தசை எடுத்திருந்தால் குடல் இறக்கம் வரும் ஆபத்து கூடுதல், எடை தூக்குவதில் இன்னும் கண்டிப்பாக இருக்க வேண்டும்.

கோவையிலிருந்து மேலே ஏறும் பயணத்தை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மேட்டுப்பாளையம் தாண்டினால் வளைவுகள். வழியில் வாந்தி வந்தால் வயிற்றுத் தையல் முழுக்கக் குலுங்கும். வாந்தி வராமல் இருக்க மாத்திரை எழுதித் தரச் சொல்லுங்கள், கிளம்புவதற்கு முன்பே கொடுத்துவிடுங்கள். முன் சீட்டைச் சாய்த்து உட்கார வையுங்கள். சீட் பெல்ட்டுக்கும் நெஞ்சுக்கும் நடுவே ஒரு சின்னத் தலையணை, வயிற்றுக்கு இன்னொன்று. கணுக்காலை மேலும் கீழுமாக அசைத்துக்கொண்டே வரச் சொல்லுங்கள், வழியில் ஒரு இடத்தில் இறங்கி நாலு அடி நடக்கட்டும். காலில் ரத்தம் உறைந்துவிடாமல் இருக்கத்தான் இதெல்லாம். காலையிலேயே கிளம்பிவிடுங்கள். பலாப்பழ சீசனில் குஞ்சப்பனை பக்கம் யானை நின்றால் எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்று உங்களுக்கே தெரியும். ஐப்பசி மழையில் குன்னூர் ரோட்டில் மண் சரிந்தால் எல்லா வண்டியும் உங்கள் கோத்தகிரி வழிக்குத் திரும்பும், அதையும் மனசில் வையுங்கள். மழைக்காலமானால் பத்து நாள் மாத்திரை கூடுதலாக வாங்கி வைத்துவிடுங்கள்.

வீட்டில் கட்டில் வேண்டும். பாயில் படுத்து எழுந்திருக்க அண்ணியால் முடியாது. முதல் இரண்டு வாரம் முதுகை நிமிர்த்தி நீட்டிப் படுக்கவும் கூடாது, வயிற்றுத் தையல் இழுக்கும். தலைப்பக்கம் உயர்த்தி, முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்து, மடங்கிய மாதிரி படுக்க வேண்டும். இதற்கு நம் தாத்தாக்கள் உட்கார்ந்திருந்த ஈஸி சேரை மிஞ்சியது எதுவும் இல்லை. லைனில் யார் வீட்டிலாவது இருந்தால் இரவல் வாங்குங்கள், முழங்காலுக்கு அடியில் வைக்கத் தலையணையும் சேர்த்து. நடக்கும்போது கிழவி மாதிரி கூனித்தான் நடப்பார். யாரும் "நிமிர்ந்து நட" என்று சொல்லாதீர்கள். தானாக நிமிர்வார். ஆனால் நடக்காமல் படுத்தே கிடக்கவும் விடக் கூடாது. வீட்டுக்குள் மணிக்கொரு தடவை இரண்டு சுற்று, யாராவது பக்கத்தில் வர.

கழிவறை குத்துக்கால் போட்டு உட்காரும் வகை என்றால் கமோடு சேர் ஒன்று வாங்குங்கள், மெடிக்கல் கடைகளில் கிடைக்கும். வலி மாத்திரையால் மலச்சிக்கல் வரும், முக்கினால் வயிறு வலிக்கும். கீரை, பப்பாளி, நிறையத் தண்ணீர் கொடுங்கள். அப்படியும் போகாவிட்டால் டாக்டரிடம் மருந்து கேட்க வெட்கப்பட வேண்டாம். இருமல் வந்தால், குளிரில் வராமல் இருக்காது, தலையணையை வயிற்றோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு இரும வேண்டும்.

துணி விஷயத்தை ஆஸ்பத்திரியில் பெரும்பாலும் யாரும் சொல்ல மாட்டார்கள். உள்பாவாடை நாடா சரியாக அந்த வயிற்றுத் தையலுக்கு மேலே போய் உட்காரும். குறைந்தது ஆறு வாரத்துக்குப் புடவை வேண்டாம். தலைவழியாகப் போடும் துணியும் வேண்டாம், கை தூக்க முடியாது. முன்பக்கம் ஜிப் வைத்த ஃபீடிங் நைட்டி நாலு வாங்குங்கள். பெயரைக் கேட்டால் அண்ணிக்கு மனசு சங்கடப்படலாம், அதனால் கடைக்கு நீங்களே போய் வாங்கி, லேபிளைக் கிழித்துவிட்டுக் கொடுங்கள். ஸ்வெட்டரும் முன்பக்கம் பட்டன் வைத்ததாக இருக்கட்டும். பெல்ட், பிரா எதுவும் டாக்டர் சொன்ன வகைதான், சொன்ன நாளில்தான். அவசரப்பட்டு இறுக்கமாக எதையாவது மாட்டினால் புது மார்புக்குப் போகும் ரத்தக் குழாய் அழுந்திவிடும்.

அப்புறம் டியூப். காயத்துக்குள் ஊறும் நீரை வெளியே இழுக்க, தோலுக்கு அடியிலிருந்து டியூப் வந்து ஒரு அமுக்குப் பையில் முடியும். அண்ணிக்கு இரண்டு மூன்று டியூபோடு வீட்டுக்கு அனுப்பலாம். அமுக்கிய நிலையில் இருந்தால்தான் பை இழுக்கும், உப்பியிருந்தால் வேலை செய்யவில்லை என்று அர்த்தம். டிஸ்சார்ஜ் அன்று நர்ஸ் செய்து காட்டும்போது நீங்களும் இன்னொரு பெண்ணும் நின்று பாருங்கள், அவர் முன்னாலேயே ஒரு தடவை நீங்கள் செய்து காட்டுங்கள். சோப்புப் போட்டுக் கை கழுவாமல் தொடக் கூடாது. தினமும் ஒரே நேரத்தில் ஒவ்வொரு பையிலும் எத்தனை மில்லி என்று அளந்து, சுவரில் தொங்கும் நாள்காட்டித் தாளிலேயே எழுதுங்கள். அந்தத் தாளைக் கிழித்துப் போடாமல் சேர்த்து வைத்து டாக்டரிடம் கொண்டு போங்கள். முதலில் ரத்தச் சிவப்பாக வரும், பிறகு இளஞ்சிவப்பு, பிறகு வைக்கோல் மஞ்சள். 24 மணி நேரத்தில் சுமார் 20 முதல் 30 மில்லிக்குக் கீழே வந்து, அடுத்த நாளும் அப்படியே இருந்தால் பெரும்பாலும் எடுத்துவிடுவார்கள். இந்த டியூபைத் தொங்கவிட்டால் ஏதாவது கதவில் மாட்டி இழுக்கும், அந்த வலியைச் சொல்லி மாளாது. தையல் தெரிந்த பெண் இருந்தால் பழைய காட்டன் புடவையில் சின்னப் பைகள் தைத்து, நாடா வைத்துக் கழுத்தில் மாட்டுகிற மாதிரி கொடுக்கச் சொல்லுங்கள். நான் அதில்தான் பன்னிரண்டு நாள் ஓட்டினேன்.

இப்போது சொல்லப்போவதைத் தயவுசெய்து வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டு வாசித்துக் காட்டுங்கள். புது மார்பிலும் அடிவயிற்றிலும் அண்ணிக்கு உணர்ச்சி இருக்காது. தோலில் ஓடும் நரம்புகள் அறுபட்டிருக்கின்றன. மாதக்கணக்கில் மரத்தே இருக்கும், சிலருக்கு முழுதாகத் திரும்பாது. சமவெளியில் இருப்பவர்களுக்கு இது அவ்வளவு பெரிய ஆபத்து இல்லை. நம் மலையில் ஆபத்து. குளிருக்கு நாம் முதலில் எடுப்பது ஹாட் வாட்டர் பேக். மரத்துப்போன தோலில் அதை வைத்தால் சூடு தெரியாது, கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். அப்படித் தூங்கிப்போய், காலையில் நைட்டியை விலக்கிப் பார்த்து, தோல் உரிந்த நிலையில் திரும்ப வார்டுக்கு வந்த பெண்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுக்குப் புண் ஆற வாரக்கணக்கில் ஆனது. ஹாட் வாட்டர் பேக், ஒத்தடம், எலெக்ட்ரிக் போர்வை எதுவும் நெஞ்சிலும் வயிற்றிலும் கூடாது. ரூம் ஹீட்டருக்கு நேராக உட்கார வேண்டாம். கணப்புச் சட்டியைப் பக்கத்தில் இழுத்து வைக்க வேண்டாம், மூடிய அறையில் கரி நெருப்பு யாருக்குமே ஆகாது, தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும். குளிக்க அனுமதி கிடைத்த பிறகு வெந்நீரின் சூட்டை அண்ணி கையால் பார்க்கக் கூடாது, நீங்கள் உங்கள் முழங்கையை வைத்துப் பாருங்கள். குளிரில் விறைத்துப் போகவும் விடாதீர்கள். காலுக்கு சாக்ஸ், தலைக்குக் குல்லா, மேலே இரண்டு சால்வை.

அண்ணன் பீடி, சிகரெட் குடிப்பவரானால் அந்த வாசனையோடு அறைக்குள் வர வேண்டாம் என்று உறுதியாகச் சொல்லிவிடுங்கள். நிக்கோட்டின் சின்ன ரத்தக் குழாய்களைச் சுருக்கும், அந்தச் சின்னக் குழாய்களை நம்பித்தான் புது மார்பு உயிரோடு இருக்கிறது. விறகு அடுப்புப் புகையும் அண்ணி இருக்கும் பக்கம் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டில் ஒரு சண்டை வரும், அதற்கும் தயாராக இருங்கள். "பருப்பு குடுக்காதே சீழ் வைக்கும், முட்டை குடுக்காதே, மீன் ஆகாது" என்று பெரியவர்கள் பத்தியம் போடுவார்கள். அன்போடுதான் சொல்வார்கள். ஆனால் காயம் ஆறப் புரதம் வேண்டும், இரண்டு பெரிய காயத்துக்கு நிறையவே வேண்டும். முட்டை, பருப்பு, மீன், கோழி, பால், நம் ஊர் பட்டர் பீன்ஸ், அவரை எல்லாம் கொடுங்கள். சர்க்கரை வியாதி இருந்தால் மட்டும் ஹார்லிக்ஸையும் பழத்தையும் அளந்து கொடுங்கள், சர்க்கரை ஏறினால்தான் உண்மையில் சீழ் வைக்கும். காயத்தில் மஞ்சள், பச்சிலை, எண்ணெய் எதுவும் போடக் கூடாது. தையல் முழுக்க ஆறி, டாக்டர் சரி என்ற பிறகு தழும்பில் தேங்காய் எண்ணெய் தடவலாம்.

கையைப் பற்றி. தொடக்கத்தில் இடது கையைத் தோள் உயரத்துக்கு மேல் தூக்க விடமாட்டார்கள். அதற்காகக் கையை மடியில் வைத்தே இருந்தால் தோள் இறுகிவிடும். விரல் மடக்குவது, முழங்கை மடக்குவது முதல் நாளிலிருந்தே செய்யலாம். டாக்டர் அனுமதித்த பிறகு சுவரில் விரலால் நடந்து நடந்து மேலே ஏற்றும் பயிற்சி. தினமும் எட்டிய இடத்தில் பென்சிலால் கோடு போடுங்கள், அந்தக் கோடு மேலே போவதைப் பார்ப்பதே ஒரு தெம்பு. மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியதிலிருந்து வீட்டுக்கு வந்து பிசியோதெரபி செய்யவும் அதில் ஏற்பாடு இருக்கிறது. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய்க் கேளுங்கள். நெறிக்கட்டி எடுத்ததால் அந்தக் கை பின்னால் வீங்கலாம், மாதங்கள் கழித்தும் வரும், வருஷங்கள் கழித்தும் வரும். தேயிலைக் காட்டில் வேலை செய்கிறவருக்கு இது முக்கியம். கவாத்துச் செடியின் குச்சி கீறினால்கூட அந்தக் கையில் சீக்கிரம் கிருமி ஏறும். வேலைக்குத் திரும்பும்போது முழுக்கைச் சட்டை, கையுறை வேண்டும். கீறல் பட்டால் உடனே சோப்புத் தண்ணீரில் கழுவ வேண்டும். கை சிவந்து சூடாக வீங்கினால் அன்றே டாக்டரிடம் போக வேண்டும்.

எந்த நேரமானாலும் போன் எடுக்க வேண்டியவை இவை: காய்ச்சல் 100.4 டிகிரியைத் தாண்டுவது, தையலைச் சுற்றிச் சிவப்பு பரவுவது, சீழ் அல்லது நாற்றம், மார்பு திடீரென்று ஒரு பக்கம் உப்பி இறுகுவது, அதன் நிறம் கருநீலமாகவோ வெளிறியோ மாறுவது, பையில் திடீரென்று புது ரத்தம் நிறைவது. கெண்டைக்கால் ஒன்று மட்டும் வீங்கி வலித்தாலும் தாமதிக்காதீர்கள். மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ நேராக 108. ஆஸ்பத்திரி வார்டு நம்பரைச் சுவரில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். டிஸ்சார்ஜ் சீட்டின் நகல் ஒன்று எஸ்டேட் டிஸ்பென்சரியில் இருக்கட்டும். ராத்திரி யாரோ ஒரு நர்ஸ் பார்க்க நேர்ந்தால், என்ன ஆபரேஷன் என்று அவருக்குத் தெரிய வேண்டும்.

சரி, இனி கையால் செய்கிற வேலை இல்லாத பகுதி.

நான் ஆபரேஷன் முடிந்து குன்னூர் வந்தபோது எனக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்திருந்தேன். டியூபை நானே அளந்தேன், டிரெஸ்ஸிங் நானே பார்த்தேன். தலை மட்டும் குளிக்க முடியவில்லை. முதுகுக் காயத்தால் கை மேலே போகவில்லை. ஒன்பது நாள் ஆகிவிட்டது, தலை நாறுகிறது, யாரிடமும் சொல்லக் கூச்சம். கீழ் லைனில் தேயிலை பறிக்கிற அக்கா ஒருவர், எனக்கு அவ்வளவாகப் பழக்கம்கூட இல்லை, ஒரு ஞாயிற்றுக்கிழமை வெந்நீர்ப் பானையோடு வந்து நின்றார். "தலையக் குடும்மா" என்றார், அவ்வளவுதான். நாற்காலியில் உட்கார வைத்து, நெஞ்சு நனையாமல் துண்டைச் சுற்றி, சீயக்காய் போட்டுத் தேய்த்து, துவட்டி, சடை போட்டுவிட்டுப் போனார். நான் அழுதேன். அவர் பார்க்காத மாதிரி இருந்தார். அடுத்த ஞாயிறும் வந்தார். அதற்கடுத்த ஞாயிறும் வந்து, தலை துவட்டி முடித்ததும் எழுந்து கதவைச் சாத்தினார். ஜாக்கெட் கொக்கியைக் கழற்றிக் காட்டினார். ஒரு பக்கம் தட்டையாக, நீளத் தழும்பு. பதினோரு வருஷமாகப் பழந்துணியைச் சுருட்டி உள்ளே வைத்துக்கொண்டு வேலைக்குப் போயிருக்கிறார். லைனில் ஒருவருக்கும் தெரியாது. "இப்படி வேற வச்சுக்கலாம்னு எங்கிட்ட யாரும் சொல்லலம்மா" என்றார்.

எனக்குப் பேச்சு வரவில்லை. மார்பை எடுத்த எத்தனையோ பெண்களுக்கு நானே டிஸ்சார்ஜ் சீட்டை எழுதிக் கையில் கொடுத்திருக்கிறேன், இப்படி ஒன்று உண்டு என்று அவர்களில் பலரிடம் நானும் சொன்னதில்லை. டாக்டர் சொல்லியிருப்பார் என்று இருந்துவிட்டேன். அன்றிலிருந்து அது எனக்கு உறுத்தல்தான். அவரிடம், வருஷங்கள் கழித்தும் செய்துகொள்ளலாம், கேட்டுப் பார்ப்போமா என்றேன். இரண்டு வாரம் யோசித்துவிட்டு வேண்டாம் என்றார், இன்னொரு ஆபரேஷனுக்கு மனசில்லை. நல்ல சிலிகான் பேட் வாங்கி, பிராவுக்குள் பை தைத்துக் கொடுத்தேன். பழந்துணி மழையில் நனைந்து பாரமாகி இறங்கிவிடும் என்ற பயமில்லாமல் முதல் தடவையாக மழையில் இலை பறித்தேன் என்று வந்து சொன்னார். இன்றும் எனக்கு மிக நெருக்கமானவர் அவர்தான்.

இதனால் சொல்கிறேன், உங்கள் லைனிலோ பக்கத்து எஸ்டேட்டிலோ இந்த வழியில் போய்வந்த ஒரு பெண் இருக்கலாம், வெளியே தெரியாமல் இருக்கலாம். தேடிப்போய் அவர் ரகசியத்தைக் கிளறாதீர்கள். அண்ணியிடம் முதலில் கேளுங்கள், அதே ஆபரேஷன் செய்துகொண்ட ஒருவரிடம் பேச ஆசையா என்று. ஆசை என்றால் ஆஸ்பத்திரி நர்ஸிடமோ கவுன்சிலரிடமோ சொல்லுங்கள், சம்மதம் உள்ள யாரையாவது போனில் பேச வைப்பார்கள். இது புதுசில்லை. நியூயார்க்கில் தெரீஸ் லாசர் என்ற பெண்மணி, தனக்கு மார்பு எடுத்த பிறகு விவரம் சொல்ல ஆளில்லாமல் தவித்து, 1952-ல் இதே நிலையில் இருந்த பெண்களைக் கட்டிலுக்குக் கட்டில் போய்ப் பார்க்கத் தொடங்கினார். 'ரீச் டு ரெகவரி' என்ற அந்த ஏற்பாட்டை 1969-ல் அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம் ஏற்றுக்கொண்டது, பிறகு பல நாடுகளுக்குப் பரவியது. கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து "எனக்கும் இப்படித்தான் மரத்துப் போச்சு" என்று ஒருத்தி சொல்வதற்குள்ள பலம் எங்கள் வெள்ளை உடுப்புக்குக் கிடையாது.

"இது எதுக்கு" என்று கேட்கிறவர்களுக்கு: இது அழகுக்கு என்று நினைத்துத்தான் கேட்கிறார்கள். அமெரிக்காவில், மார்பை எடுக்கும் செலவை ஏற்கும் காப்பீடு, அதைத் திரும்பச் செய்யும் செலவையும் ஏற்க வேண்டும் என்று 1998-ல் சட்டமே போட்டார்கள், சிகிச்சையின் ஒரு பகுதி என்று ஏற்றுக்கொண்டதால். கால் போனவருக்குச் செயற்கைக் கால் எதற்கு என்று யாரும் கேட்பதில்லை. மார்பைத் திரும்பச் செய்துகொண்டதால் புற்றுநோய் திரும்பி வரும் ஆபத்து கூடுவதும் இல்லை. இவ்வளவும் உங்களுக்குத் தெரிய வேண்டும். ஆனால் அந்தக் கேள்வி கேட்பவரிடம் விளக்க வேண்டிய கடமை உங்களுக்கும் இல்லை, அண்ணிக்கும் இல்லை. "அண்ணியும் டாக்டரும் சேர்ந்து முடிவு பண்ணினாங்க" என்று சொல்லிவிட்டுக் காபி கொடுத்து அனுப்புங்கள். அந்தக் கேள்வி அண்ணியின் காதில் விழாமல் வாசலிலேயே நிறுத்துவது ஒருத்தியின் வேலை. அதற்கு அம்மாவை வையுங்கள், வயசானவர் சொன்னால் அடங்குவார்கள்.

யாருக்கு எவ்வளவு சொல்வது என்பதையும் அண்ணியிடமே கேளுங்கள். லைன் வீட்டுச் சுவருக்குக் காது உண்டு. வயிற்றில் ஆபரேஷன் என்று மட்டும் சொல்ல அவர் விரும்பினால் நீங்களும் அதையே சொல்லுங்கள். போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடுவது வேண்டவே வேண்டாம்.

முதல் தடவை கண்ணாடியில் பார்க்கும் நாள் ஒன்று வரும். பக்கத்தில் யார் இருக்க வேண்டும் என்று அவர் சொல்லட்டும், யாரும் வேண்டாம் என்றால் கதவுக்கு வெளியே இருங்கள். வீங்கியிருக்கும், ஊதாவும் மஞ்சளுமாக இருக்கும், காம்பு இல்லாமல் இருக்கலாம், மற்றதோடு ஒத்துப் போகாது. வீக்கம் வடிந்து வடிவத்துக்கு வர மாதங்கள் ஆகும், காம்பைப் பின்னால் செய்துகொள்ளலாம். அந்த நேரத்தில் "நல்லாத்தானே இருக்கு" என்று சொல்லாதீர்கள். அவருக்கு நல்லாயில்லை என்று தோன்றினால் உங்கள் வார்த்தை அவர் வாயை அடைத்துவிடும். "வலிக்குதா" என்று கேளுங்கள். அழுதால் அழட்டும். "தைரியமா இரு, எத்தனை பேருக்கு இதுகூட கிடைக்கலை" என்பதும் வேண்டாம். கிடைத்ததற்கு நன்றியும் இருக்கும், போனதற்குத் துக்கமும் இருக்கும், இரண்டும் ஒரே நாளில் வரும். எனக்கு வந்தது. துக்கம் வாரக்கணக்கில் இறங்காமல், தூக்கமும் சாப்பாடும் போய்விட்டால், அடுத்த செக்கப்பில் டாக்டரிடம் நீங்களே சொல்லிவிடுங்கள், அதற்கும் வைத்தியம் இருக்கிறது.

அண்ணிக்குக் கரண்ட், அதாவது கதிர்வீச்சு சிகிச்சை, வைக்க வேண்டும் என்று சொல்லியிருந்தால் உங்கள் எட்டு வாரக் கணக்கை நீட்டுங்கள். தினமும் மலை இறங்கி ஏற முடியாது, கோவையில் தங்க இடம் வேண்டும், கூட ஒரு பெண் வேண்டும். முறை போட்டு வாரம் ஒருவர் போய் இருங்கள். புது மார்பின் தோல் கறுக்கும், கொஞ்சம் இறுகும், அதைப் பார்த்துப் பயந்துவிட வேண்டாம். வேலைக்குத் திரும்புவது டாக்டர் சர்டிஃபிகேட் தந்த பிறகுதான். அப்போதும் முதலில் இலைப் பையை முதுகில் ஏற்றாத வேலையாகக் கொடுக்கச் சொல்லி சூப்பர்வைசரிடம் முன்னதாகவே பேசி வையுங்கள். பக்கத்து நிரையில் நிற்கிற பெண் அண்ணியின் பையை எடை போடும் இடம் வரை தூக்கிக் கொடுத்தால், அதுதான் அந்த மாதத்தின் பெரிய உதவி.

டிஸ்சார்ஜ் தேதி தெரிந்ததும் எனக்கு எழுதுங்கள். காருக்கு இரண்டு சின்னத் தலையணையும், டியூபுக்கு மூன்று பையும் தைத்து வைக்கிறேன். முதல் நாளே கோத்தகிரி பஸ் ஸ்டாண்டுக்குக் கொண்டுவந்து தருகிறேன், அந்த அக்காவும் என்னோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.